வெல்டு வைத்த இடத்தை ஒட்டியே திரும்பவும் கீறல்: 8 இஞ்சுக் குழாய், இது மூன்றாவது முறை

ஆத்தங்கரை வாழை (இழையைத் தொடங்கியவர்)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரையில் எங்கள் கூட்டுக் கிணறு இருக்கிறது. 11 குடும்பத்துக்குப் பொது. 40 எச்பி மோட்டார், 25 மீட்டர் ஏற்றம், 1,200 மீட்டர் தூரம். 8 இஞ்சு இரும்புக் குழாய், 6 மில்லி கனம். போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, ஒரு தொந்தரவும் கிடையாது.

பங்குனி பிறந்த வாரத்தில், தண்ணீரைத் திரும்ப விடாத என்ஆர்வி வால்வைத் தாண்டி, குழாய் திரும்புகிற முதல் பெண்டுக்கு முன்னால் உள்ள வெல்டில் ஊசி போலத் தண்ணீர் பீய்ச்சியது. வெல்டர் வந்து மேலேயே ஒரு சுற்று வைத்துக் கொடுத்தார். 19 நாள் தாங்கியது. இரண்டாவது முறை இன்னும் தடிமனாக, கயிறு சுற்றியதுபோல வைத்தார். 11 நாள்தான். இப்போது அந்தப் புது வெல்டு முடிகிற ஓரத்தில், குழாயைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கீறல், என் விரல் நீளம் இருக்கும்.

குழாய் மட்டமான சரக்கு என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், விற்ற கடைக்காரரைத் திட்டாத ஆள் இல்லை. ஏத்தன் வாழை தார் தள்ளுகிற நேரம், ஒரு முறைத் தண்ணீர் தப்பினாலும் காய் சிறுத்துப் போகும். முழுக் குழாயையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

பேட்டை ராடு

தம்பி, குழாயைக் குறை சொல்லுமுன் ஒன்று சொல்லுங்கள். வெல்டு வைக்கும்போது குழாயில் தண்ணீர் இருந்ததா? கீறலைக் கிரைண்டரில் தோண்டி எடுத்துவிட்டு வைத்தாரா, இல்லை அப்படியே மேலே பூசினாரா? என்ன வெல்டிங் ராடு?

ஆத்தங்கரை வாழை

தண்ணீர் அடியில் கொஞ்சம் நின்றது. தோண்டவில்லை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வைத்தார். ராடு 6013 என்று பாக்கெட்டில் பார்த்தேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார், அவரையும் குறை சொல்ல முடியாது.

பேட்டை ராடு

அப்படியானால் அவர் வைத்தது வெல்டு இல்லை, மூடி. அடியில் கீறல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஈரத்தில் வைத்தால் ஹைட்ரஜன் உள்ளே போகும், வெல்டு சட்டென்று குளிர்ந்து ஓரம் விறைத்துக்கொள்ளும். நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், அரிசி ஆலை நீராவிக் குழாய் ஒன்றில் ராத்திரி பதினோரு மணிக்கு. மறுநாள் மத்தியானம் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஞ்சாலை ஃபிட்டர்

எங்கள் காலத்தில் கீறலின் இரண்டு முனையிலும் டிரில் பிட்டால் ஓட்டை போட்டுவிடுவோம். கூர் முனை உருண்டையாகிவிட்டால் கீறல் மேலே ஓடாது. இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் அப்படிப் போட்ட ஓட்டை, நான் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தது.

தரமணிப் பொண்ணு

ஃபிட்டர் அண்ணாச்சி சொல்வது தகட்டுக்குச் சரி. தகட்டில் கீறல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போயிருக்கும், முனை எது என்று கண்ணுக்குத் தெரியும். குழாயில் கீறல் உள்ளிருந்து கிளம்பினால், வெளியே தெரிகிற விரல் நீளம் அதன் தலை மட்டும்தான். உள்ளே அது இரண்டு மடங்கு நீளம் இருக்கலாம். ஓட்டையை எங்கே போடுவீர்கள்?

நான் அம்பாசமுத்திரம். இப்போது சென்னையில் இரும்பை உடைத்துப் பார்க்கிற ஒரு சோதனைக்கூடத்தில் வேலை.

வாழை அண்ணாச்சி, முதலில் குழாய் மட்டம் என்ற பேச்சை ஓரமாக வைப்போம். உங்கள் பம்பு அருகே அழுத்தம் 4 பாருக்கும் குறைவாகத்தான் வரும். அந்த அழுத்தம் குழாயைச் சுற்றுவாக்கில் இழுக்கிற இழுவை சுமார் 7 மெகாபாஸ்கல் (இழுவையை அளக்கிற அலகு), நீளவாக்கில் அதில் பாதி. சாதாரண இரும்பு 240, 250 வரை இளகாமல் நிற்கும். ஆக அழுத்தத்தால் இது உடையவே உடையாது. அழுத்தத்தால் வெடிக்கிற குழாய் முருங்கைக்காய் மாதிரி நீளவாக்கில் பிளக்கும், ஏனென்றால் சுற்றுவாக்கு இழுவைதான் இரண்டு மடங்கு. உங்கள் கீறலோ குழாயைச் சுற்றி ஓடுகிறது. யாரோ அந்தக் குழாயை வளைக்கிறார்கள்.

மூன்று விஷயம் வேண்டும். ஒரு நாளைக்கு மோட்டார் எத்தனை தடவை நிற்கிறது? நிற்கும்போது சத்தம் வருமா? பெண்டுக்குப் பின்னால் உள்ள கான்கிரீட் கட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

ஆத்தங்கரை வாழை

மும்முனைக் கரண்டு போய்ப் போய் வரும், வோல்டேஜ் இறங்கினாலும் டிரிப் ஆகும். ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகவே திரும்பப் போடும். சராசரி எட்டுத் தடவை நிற்கும். நின்ற இரண்டு மூன்று நொடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம், வீட்டில் படுத்திருந்தாலே கேட்கும். அதை வைத்துத்தான் கரண்டு போய்விட்டது என்று தெரிந்துகொள்வோம்!

படம் எடுக்கப் போனேன். வெட்கமாக இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆறு கிணற்றுக்கொட்டகைவரை ஏறியது. மோட்டாரைக் கழற்றிக் காயவைத்துச் சுருள் கட்டினோம், ஸ்டார்ட்டரை மாற்றினோம், குழாயை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பெண்டுக் கட்டைக்குப் பின்னால் மண்ணே இல்லை, முழங்கை வரை உள்ளே விடலாம். குழாயைத் தாங்குகிற சாடிலும் அந்தரத்தில் நிற்கிறது. குழாய்தான் சாடிலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பஞ்சாலை ஃபிட்டர்

அடப்பாவி. கட்டை போனால் பெண்டு உதைக்குமே வே.

தரமணிப் பொண்ணு

அதேதான். உதை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போகிறது. கரண்டு போனால் தண்ணீர் உடனே நிற்பதில்லை. மெதுவாகி, திரும்பி, கிணற்றை நோக்கி ஓடத் தொடங்குகிறது. என்ஆர்வியின் கதவு சோம்பேறி. தண்ணீர் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகுதான் அறைந்து சாத்துகிறது. நீங்கள் கேட்கிற ‘டொம்’ அதுதான். 1,200 மீட்டர் நீளத் தண்ணீர்த் தூண் ஒரு கதவில் முட்டுகிறது. இதற்குச் சூத்திரம் தந்தவர் ரஷ்யாவின் ஜுக்கோவ்ஸ்கி, மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898இல் எழுதினார். இரும்புக் குழாயில் ஒரு மீட்டர் வேகம் திடீரென்று நின்றால் அழுத்தம் 12 பார் வாக்கில் எகிறும். உங்களுக்குத் திரும்பி வரும் வேகம் அதைவிடக் குறைவுதான். இருந்த அழுத்தத்தையும் சேர்த்து மொத்தம் 12 பார் என்று வைப்போம்.

12 பாரும் குழாய்ச் சுவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பெண்டில் தண்ணீர் திரும்புகிற இடத்தில் அது 4 டன் தள்ளு. கட்டை இருந்தால் அந்த 4 டன்னை மண் வாங்கிக்கொள்ளும். கட்டை இல்லாததால் பெண்டு நெம்புகோலாகி வெல்டை வளைக்கிறது. அரை மீட்டர் சொச்சம் நெம்புகோல் என்றால் வெல்டில் 110 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுவை வரும். அதே 12 பார் அழுத்தத்தால் மட்டும் வரும் நீளவாக்கு இழுவையோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு.

110 என்பதும் இரும்பை உடைக்கப் போதாது, பாதிகூட இல்லை. சங்கதி அளவில் இல்லை, அது வந்து வந்து போவதில் இருக்கிறது. கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடையாது, பத்துத் தடவை முன்னும் பின்னும் வளைத்தால் கையோடு வந்துவிடும். இது அதன் மெதுவான வடிவம். ஒவ்வொரு இழுப்பிலும் கீறலின் முனை ஒரு துளி திறந்து ஒரு துளி முன்னேறும், மூடும்போது பின்வாங்காது. எவ்வளவு முன்னேறும் என்பதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால் பாரிஸ் ஒரு விதியாக்கினார். கீறல் முனையில் ஏறி இறங்கும் இழுவையின் வீச்சைப் பொறுத்தது அது. இரும்பில் வீச்சு இரட்டித்தால் வளர்ச்சி எட்டு மடங்கு.

கீறல் எங்கே தொடங்கியது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒன்பது வருஷம் முன்பு, வெல்டு வைத்த அன்றைக்கே. வெளியே இருந்து மட்டும் வெல்டு வைக்கிற குழாயில் அடி வரை உருகிச் சேராத கோடு ஒன்று உள்பக்கம் நின்றுவிடும். 1.5 மில்லி ஆழம் என்று வைப்போம். கட்டை உறுதியாக இருந்த காலத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

பேட்டை ராடு

இதை ஒத்துக்கொள்கிறேன். ரூட்டில், அதாவது வெல்டின் அடியில், பெனிட்ரேஷன் இல்லாத குழாயை வெட்டிப் பார்த்தால், பொருத்தும்போது தேய்த்த கிரைண்டர் கோடுகூட அழியாமல் இருக்கும்.

ஆனால் மேடம், ஒன்று புரியவில்லை. தடித்த வெல்டு ஏன் 11 நாளில் போனது? மெல்லிசு 19 நாள் நின்றதே.

தரமணிப் பொண்ணு

வெல்டைக் கயிறு மாதிரி உயர்த்தி வைத்தால் அது குழாயைத் தொடுகிற ஓரத்தில் ஒரு செங்குத்து மூலை உண்டாகும், இழுவை அங்கேதான் கூடும். வெல்டு ஓரத்தில் குழாயை அரித்த பள்ளம், அதாவது அண்டர்கட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, வெல்டு ஆறும்போது சுருங்கும். சுற்றியுள்ள இரும்பு அதைச் சுருங்க விடாது. அதனால் அந்த இடம் எந்தப் பாரமும் இல்லாமலே, இரும்பு இளகும் எல்லை வரைகூட இழுபட்டு நிற்கும். வீட்டில் நிரந்தரமாக ஒரு கோபக்காரர் இருப்பதுபோல. வெளியிலிருந்து சின்னச் சொல் வந்தாலும் பெரிதாகிவிடும்.

நல்ல ராடும் உயர்ரக இரும்பும் இதைக் காப்பாற்றாது. வெல்டு வைத்த இணைப்பில் களைப்பு ஆயுளை, அதாவது எத்தனை இழுப்புக்குத் தாங்கும் என்பதை, இரும்பின் பலம் தீர்மானிப்பதில்லை, ஓரத்தின் வடிவமும் உள்ளிருக்கும் குறையும்தான் தீர்மானிக்கின்றன.

ராதாபுரம் காத்து

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். மேடம் கணக்கில் எனக்கு ஓர் இடம் இடிக்கிறது. நாளைக்கு எட்டுத் தடவை தண்ணீர் அடிக்கிறது என்றால் வருஷத்துக்கு மூவாயிரம்கூட வராது. எங்கள் டவர் ஒரு மணி நேரத்தில் அதைத் தாண்டும். மூவாயிரத்துக்கு 6 மில்லி இரும்பு அறுந்துவிடுமா? அதுவும் 11 நாளில், எண்பது தொண்ணூறு தடவைக்கு? மோட்டார் அதிர்வை விட்டுவிட்டீர்களே. 1,440 சுற்று என்றால் நொடிக்கு 24.

தரமணிப் பொண்ணு

காத்து அண்ணன் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அதிர்வை நான் விட்டதற்குக் காரணம், அதன் வீச்சு சின்னது, சாடில் இல்லாத குழாயில் 20 மெகாபாஸ்கல் இருக்கலாம். கீறலுக்கு ஒரு வாசல் மதிப்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடித் தடவை ஆட்டினாலும் முனை நகராது. வெல்டுக்கு அந்த வாசலை 2 என்று எடுப்பது வழக்கம், அலகை விடுங்கள். 1.5 மில்லி ஆழக் கீறலில் 20 மெகாபாஸ்கல் அதிர்வு தருவது 1.5. வாசலுக்கு வெளியே. ஆகவே ஒன்பது வருஷம் ஆடினாலும் பயமில்லை.

இப்போது தண்ணீர் அடியைச் சேருங்கள். ஓர் அடியோடு முடிவதில்லை, தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து அடங்குவதற்குள் ஐந்து பத்துத் தடவை இழுக்கும். ஒரு இழுவைக்குக் கீறல் சுமார் 10 நானோமீட்டர் வளரும். நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வருஷத்துக்குக் கால் மில்லி சேரும். வெள்ளம் வடிந்து ஒன்றேகால் வருஷத்தில் 1.5 மில்லி, 2 மில்லியை நெருங்கிவிட்டது. இதில் ஏறத்தாழ என்ற சொல்லை எல்லா இடத்திலும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2 மில்லி ஆழத்தில் அதே 20 மெகாபாஸ்கல் அதிர்வு 2ஐத் தொடுகிறது. வாசல் திறந்துவிட்டது. அதன்பிறகு நொடிக்கு 24, ஆறு மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஐந்து லட்சம் சுற்று. 3 மில்லி ஆழத்தில் கணக்குப் போட்டால் நாளைக்குக் கால் மில்லி. வருஷத்துக்குக் கால் மில்லி வளர்ந்தது நாளைக்குக் கால் மில்லி! தண்ணீர் அடி கதவைத் திறந்துவிட்டது, அதிர்வு உள்ளே வந்து வீட்டைக் காலி செய்தது.

அதனால்தான் முதல் கசிவு வர ஒன்றேகால் வருஷம், அடுத்தது 19 நாள், அதற்கடுத்தது 11 நாள். மேலே பூசிய வெல்டின் அடியில் கீறல் வாசலைத் தாண்டிய ஆழத்தில் தயாராக இருந்தது. அது முதலிலிருந்து தொடங்கவே இல்லை.

ராதாபுரம் காத்து

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நன்றி மேடம்.

பொதிகைக் குளிர்

இடையில் ஒரு சந்தேகம். நம்ம ஊரில் கூடங்குளம் இருக்கிறது. அங்கேயும் வெல்டு வைத்த குழாய்தானே?

தரமணிப் பொண்ணு

குழாய் என்ற பெயர்தான் ஒன்று. அங்கே அணு உலையின் பிரதானக் குழாய் உள்விட்டம் 850 மில்லி, சுவர் 70 மில்லி வாக்கில், உள்ளே துருப்பிடிக்காத இரும்புப் பூச்சு, அழுத்தம் 157 பார். வெல்டுகளை அல்ட்ராசோனிக்கில், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பிப் பார்த்துப் பதிவு செய்வார்கள், காலக்கெடு வைத்துத் திரும்பவும் பார்ப்பார்கள். கீறல் சுவரைத் துளைத்தாலும் குழாய் அறுவதற்கு முன்னால் கசிவாகக் காட்டிக்கொடுக்க வேண்டும், உலையை நிறுத்த அவகாசம் கிடைக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படைக் கொள்கை. உங்கள் 8 இஞ்சும் அந்த மரியாதையைச் செய்தது. மூன்று தடவையும் கசிந்துதான் சொன்னது.

அணுமின் குழாய்களுக்கு வேறொரு கேள்வி உண்டு: கீறல் இருக்கும்போது நிலநடுக்கம் வந்தால்? அது லட்சக்கணக்கான சின்ன ஆட்டம் இல்லை, சில பத்து முரட்டு ஆட்டம். தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக முழு அளவுக் குழாய்களில் வேண்டுமென்றே கீறல் போட்டு, முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே பக்கமாக வளைத்தால் தாங்குகிற பாரத்தை அந்தக் குழாய் இருபக்கமும் வளைக்கும்போது தாங்குவதில்லை. இழுக்கும்போது கீறலின் முனை மழுங்குகிறது, அது நல்லது. திருப்பி அழுத்தும்போது மழுங்கிய முனை நசுங்கி மறுபடி கூராகிறது. அடுத்த இழுப்பு கூர் முனையிலிருந்து தொடங்குகிறது. அரிவாளைச் சாணை பிடித்துப் பிடித்து வெட்டுவது மாதிரி. அதைக் கணக்கில் எடுத்துத்தான் வடிவமைக்கிறார்கள்.

சரி, வாழைக்கு வருவோம்.

முக்கூடல் பைப்

பெண்டுக்கு முன்னால் ஒரு ரப்பர் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கிற இணைப்பு) போட்டுவிட்டால் அதிர்வு போய்விடும். எங்கள் கடையில் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

பஞ்சாலை ஃபிட்டர்

கட்டை இல்லாத இடத்தில் பெல்லோஸா? 4 டன் தள்ளினால் அது பலூன் மாதிரி நீளும். நீளாமல் பிடித்துக்கொள்கிற டை ராடு போடாமல் பெல்லோஸ் மாட்டி, பிய்ந்துபோய்த் தண்ணீர் கூரையில் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் கட்டை, அப்புறம் மற்றது.

பேட்டை ராடு

என் பங்குக்குச் செய்முறை. கீறல் இருக்கிற இடத்தை நடுவில் வைத்து ஒரு அடி நீளம் வெட்டி எடுங்கள். புதுத் துண்டுக்கும் பழைய குழாய்க்கும் முனையை 30 டிகிரிக்குச் சாய்வாகத் தேயுங்கள், நடுவில் 2, 3 மில்லி இடைவெளி. குழாய் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய வேண்டும், அடியில் நிற்பதைத் துணி வைத்து உறிஞ்சிவிட்டுத் தீ காட்டுங்கள். ரூட்டுக்கு மெல்லிய 2.5 மில்லி ராடு, மேலே ஹைட்ரஜன் குறைந்த 7018 ராடு. 7018ஐ அடுப்பில் காயவைத்துத்தான் தொட வேண்டும், பாக்கெட் பிரித்து ஒரு மாதம் ஆனதை வைத்தால் 6013ஏ தேவலை. கடைசியில் ஓரத்தைக் கிரைண்டரில் வழவழவென்று இறக்குங்கள், விரல் தடவினால் படி தெரியக் கூடாது.

வெட்டிய துண்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், எனக்குப் படம் வேண்டும்.

ஆத்தங்கரை வாழை

ஒரு வாரம் ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். முதலில் மண் கொட்டித் திமிசு போட்டு, பெண்டுக்குப் பின்னால் புதுக் கட்டை, சாடிலுக்கு அடியில் கல் வைத்துக் கட்டினோம். என்ஆர்வியை ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தகடு வால்வாக மாற்றினோம். அப்புறம் பேட்டை அண்ணாச்சியே நேரில் வந்துவிட்டார்! காபிகூட மூன்று மணிக்குத்தான் குடித்தார்.

வெட்டிய துண்டைக் கீறலோடு சேர்த்து வைஸில் பிடித்துச் சம்மட்டியால் தட்டிப் பிளந்தோம். நான் எதிர்பார்க்கவே இல்லை. உடைந்த முகம் மூன்று நிறம். உள்பக்கம் ஒரு கருப்புக் கோடு, நகக்கண் அகலம்கூட இல்லை, அதில் கிரைண்டர் கீறின தடம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் பிறை பிறையாகத் துரு, ஆற்று மணலில் தண்ணீர் இறங்க இறங்க விட்டுப்போகிற வரி மாதிரி. உள்ளே வரி நெருக்கம், வெளியே போகப் போக அகலம். கடைசியில் சம்மட்டியில் உடைந்த பகுதி, புது உப்புக்கல் மாதிரி மின்னுகிறது. பூசிய வெல்டுக்குள் நுழைந்த வரி நேராக ஏறாமல் ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. படம் கீழே.

கருப்புக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்தோம். 1.5க்கும் 2க்கும் நடுவில்.

தரமணிப் பொண்ணு

இந்தப் படத்தை என் மேசைக்கு மேலே ஒட்டப் போகிறேன். நாங்கள் லட்ச ரூபாய் இயந்திரத்தில் வரவழைக்கிற முகம் இது.

பெண்டுக்கு அந்தப் பக்கத்து வெல்டைப் பார்த்தீர்களா? அதுவும் அதே உதையை வாங்கியிருக்கும்.

ஆத்தங்கரை வாழை

பார்த்தோம் மேடம். சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினோம். ஒரு கோடும் வரவில்லை.

தரமணிப் பொண்ணு

சாயம் வெளியே திறந்திருக்கிற கீறலைத்தான் காட்டும். உங்களுடையது உள்ளிருந்து வருகிறது, வெளியே வருகிற நாளில் தண்ணீரே காட்டிவிடும், சாயம் எதற்கு? அல்ட்ராசோனிக் வைத்திருப்பவர் யாரையாவது கூப்பிடுங்கள்.

ராதாபுரம் காத்து

எங்கள் டவருக்கு வருகிற தம்பி ஒருவர் வியாழக்கிழமை பணகுடி வருகிறார். சொல்லி அனுப்புகிறேன்.

ஆத்தங்கரை வாழை

வந்து பார்த்தார். குழாயின் அடிவயிற்றில், நாம் குனிந்தே பார்க்காத இடத்தில், உள்பக்கம் ஒரு சாண் நீளம் குறி காட்டுகிறது, ஆழம் 2 மில்லி. சாக்பீஸில் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போதுதான் கட்டை போட்டாயிற்றே, ‘டொம்’ சத்தமும் இல்லை. இது தூங்குமா, எழும்புமா?

தரமணிப் பொண்ணு

கட்டையும் சாடிலும் இருந்தால் அதிர்வின் வீச்சு 20லிருந்து நன்றாகக் குறையும், வாசலுக்குக் கீழே போய்த் தூங்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வாசலுக்கு ஒட்டி நிற்கிற கீறலை நான் நம்ப மாட்டேன், அடுத்த வெள்ளத்துக்கு உங்கள் கட்டை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ராடு, கிரைண்டர், ஆள் எல்லாம் அங்கேயே இருக்கும்போது வெட்டிவிடுங்கள்.

பேட்டை ராடு

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காபியைக் காலையிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.